பரணில் ஏறிய விளக்கு

சுனாமி வந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். துக்கம் விசாரிக்க வந்தவர்களோடு நானும் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். போனது பேத்தி. நாலு வயசு. வந்தவர்களில் ஒருவர், நல்ல மனிதர்தான், மெதுவாகச் சொன்னார்: "எல்லாம் அவங்கவங்க கொண்டுவந்த கணக்கும்மா."

அத்தை பதில் பேசவில்லை. உள்ளே போய் மாடத்தில் இருந்த காமாட்சி விளக்கை எடுத்தார். எண்ணெயைத் துடைத்து, தினத்தாளில் சுற்றிப் பரணில் போட்டார். இன்றுவரை இறக்கவில்லை. எனக்கும் சாமி அன்றோடு விட்டுப்போனது.

நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். பால்குடிப் பிள்ளை உட்பட அத்தனை பேரும் போன ஜென்மத்தில் பாவம் செய்துவிட்டு, ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையில் வந்து நின்றார்களா?

புறநானூற்றில் 192-ஆம் பாட்டை எல்லோரும் சொல்வோம். தீதும் நன்றும் பிறர்தர வாரா. இரண்டு பாட்டு தள்ளி 194 இருக்கிறது. பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் மண முழவு. இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவனைப் 'பண்பிலாளன்' என்கிறார். கணக்கு, விதி என்று எதையும் சொல்லி அவனைக் காப்பாற்றவில்லை. அந்தத் திண்ணையில் அத்தைக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

சரி, கடலுக்கு ஒன்றும் தெரியாது. மனிதனுக்குத் தெரியுமே? அதே மண்ணில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு நடந்தது என்ன? கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்ட சனங்களின் சேரி. உயிருக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒளிந்தவர்களை வைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். தங்கள் வயலில் நாற்று நட்ட கைகள்தான் உள்ளே இருக்கின்றன என்று கொளுத்தியவர்களுக்குத் தெரியும். அப்புறம் மேல்முறையீட்டில், கார் வைத்திருக்கும் பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்று சொல்லி உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

அந்த 44 பேருக்குத் தீது பிறர் தந்துதான் வந்தது. கணியன் பூங்குன்றனார் மேல் எனக்கு எவ்வளவோ மரியாதை உண்டு. ஆனால் வெண்மணியில் நின்று அந்த வரியைச் சொல்ல என்னால் முடியாது.

கொளுத்தியவர்களை ராட்சசர்கள் என்று தள்ளிவைக்கவும் மனம் வரவில்லை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்திருக்கும், அந்தியில் விளக்கு ஏற்றியிருப்பார்கள். சேரியில் பிறந்தவன் முன்வினையால் பிறந்தான் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்த்தால் ஒருவன் கை எதற்குத்தான் கூசும்? திண்ணையில் ஆறுதலாக வந்த அதே கணக்குதான் அன்று அந்தக் கைகளிலும் இருந்தது. கடவுளை விட்டதில் எனக்கு அவ்வளவு வலி இல்லை. பக்கத்து வீட்டு மனிதரையும் என்னையும் சேர்த்தே சந்தேகப்பட வேண்டியிருப்பதுதான் வலிக்கிறது.

நன்கணியார் பாட்டு திட்டுவதோடு முடியவில்லை. இன்னாது இவ்வுலகம், இதன் இயல்பு உணர்ந்தவர்கள் இனியதைக் காண்க என்று முடிகிறது. முதல் பாதி எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த பாதிக்கு நான் இன்னும் போய்ச் சேரவில்லை.

அத்தை இப்போதும் அதே கடல் மீனைத்தான் வாங்குகிறார். போன மாதம் போனபோது சங்கரா மீன் குழம்பு. முள் எடுத்து, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.