நாலு வார்த்தையை மாற்ற ஸ்கிரிப்டையே வெட்ட வேண்டுமா?

மெயில் சர்வர் ரிப்போர்ட்டை யார் படிக்கிறார்கள் என்று, சர்வரின் நாட்குறிப்பான லாகை அலசும் மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒரு நாளாவது யோசித்திருப்பார்களா? சர்வரைப் பராமரிக்கும் அட்மின் படிப்பான், அவனுக்கு இங்கிலீஷ் தெரியும், முடிந்தது கதை. அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் அந்த ரிப்போர்ட்டை என்னைவிடக் கவனமாகப் படிக்கிறவர் கணக்குப் பிரிவு அக்கா. ரசீதும் நினைவூட்டல் கடிதமும் மெயிலில் அனுப்புவது அவர்தான். ஒன்று போய்ச் சேரவில்லை என்றால் திட்டு வாங்குவதும் அவர்தான். ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர். அதன் லாகைச் சுருக்கித் தருவது பிஎஃப்லாக்சம் என்ற ஸ்கிரிப்ட், பெர்ல் மொழியில் எழுதிய சின்ன நிரல். ராத்திரி கிரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் வசதி) ஓடி, காலையில் ரிப்போர்ட் மெயிலாக வந்து நிற்கும். தலையிலேயே மொத்தக் கணக்கு: ரிசீவ்டு இத்தனை, டெலிவர்டு இத்தனை, பவுன்ஸ்டு (திரும்பி வந்தவை) இத்தனை, ரிஜெக்டட் இத்தனை. டிஃபர்டு வரியில் இரண்டு எண் இருக்கும். 14 டிஃபர்டு என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 212 டிஃபரல்ஸ் என்று இருக்கும்.

"தம்பி, போகாதது 14-ஆ, 212-ஆ?"

எவ்வளவு நியாயமான கேள்வி! இரண்டுமே இல்லை என்பதுதான் பதில். 14 என்பது ஒரு முறையாவது தள்ளிப்போன மெயில்கள். 212 என்பது அவற்றை அனுப்பப் பார்த்துத் தள்ளிப்போன தடவைகள். அந்த 14-இல் பாதி அப்புறம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கலாம். மீதியை போஸ்ட்ஃபிக்ஸ் தானே திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். யாரும் அமைப்பை மாற்றவில்லை என்றால் 5 நாள் வரை விடாது. இது எதுவும் அந்த வரியில் இல்லை. விளைவு என்ன? அக்கா 14 பேருக்கும் மறுபடி ரசீது அனுப்புவார். வாங்கியவர், "எனக்கு ஏன் இரண்டு ரசீது? பணம் இரண்டு தடவை பிடித்துவிட்டீர்களா?" என்று போன் போடுவார். அந்த போனையும் அக்காதான் எடுக்க வேண்டும். ஒரு வார்த்தை புரியாததால் ஒரு மனுஷியின் அரை நாள் வேலை பாழாகிறது. இதை யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

நான் செய்ய நினைத்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் இப்படி ஒரு வரி வர வேண்டும்: "உடனே போகாமல் தள்ளிப்போனவை 14 (கைகூடாத முயற்சிகள் 212). சர்வரே மறுபடி அனுப்பிப் பார்க்கும், நீங்கள் திரும்ப அனுப்ப வேண்டாம்." அவ்வளவுதான். இதை எங்கே போய் எழுதுவது? வாசகத்தை மாற்ற அமைப்புக் கோப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடினால் இல்லை. மொழிக் கோப்பு இருக்கிறதா? இல்லை. தலைப்பு, வரி, அட்டவணைப் பத்திப் பெயர் எல்லாம் ஸ்கிரிப்டின் உள்ளே, அச்சிடும் கட்டளைகளுக்கு நடுவே, கணக்குப் போடும் வரிகளோடு பின்னிக்கிடக்கின்றன. ஒரு வார்த்தையை மாற்ற வேண்டுமானால் நிரலைத் திறந்து வெட்ட வேண்டும்.

இந்த ஒரு ஸ்கிரிப்டை மட்டும் நான் குறை சொல்லவில்லை. அதை எழுதி இலவசமாகத் தந்தவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அது இல்லை என்றால் லட்சக்கணக்கான லாக் வரிகளை நான் கையால் துழாவிக்கொண்டிருப்பேன். லாகைச் சுருக்கித் தரும் லாக்வாட்சை எடுங்கள், எக்ஸிம் என்ற இன்னொரு மெயில் சர்வரோடு வரும் எக்ஸிம்ஸ்டாட்ஸை எடுங்கள், அங்கேயும் இதே நிலைதான். ஒட்டுமொத்தத் துறைக்கே இது பழக்கமாகிவிட்டது. பெர்லில் வசதி இல்லையா? வாசகத்தைப் பல மொழியில் தர உதவும் லொக்கேல் மேக்டெக்ஸ்ட் என்ற தொகுதி 2002-இல் வந்த பெர்ல் 5.8 முதல் பெர்லோடு சேர்ந்தே வருகிறது. அதே வேலைக்கான கெட்டெக்ஸ்ட் அதற்கும் மூத்தது. கருவி கையில் இருந்தும் எடுக்கவில்லை. வயிறு எரிவது அதனால்தான்.

கேட்டால் உடனே ஒரு பதில் தயாராக இருக்கும். "ஓப்பன் சோர்ஸ்தானே, நீயே மாற்றிக்கொள்." சரி, மாற்றினேன். அடுத்த அப்டேட்டில் பேக்கேஜ் வந்து என் தமிழ் வரிகளை எல்லாம் துடைத்துவிட்டு இங்கிலீஷை உட்கார வைத்தது. "தனி நகல் எடுத்து வேறு அடைவில் (ஃபோல்டரில்) வை" என்பார்கள். அதையும் செய்யலாம். ஆனால் அசலில் திருத்தப்படும் பிழைகள் நகலுக்கு வந்து சேராது. டெபியன் என்ற லினக்ஸின் 12-ஆம் பதிப்பு வந்தபோது, அதில் லாக் எழுதும் ஆர்சிஸ்லாக் நேரம் குறிக்கும் வடிவமே மாறிவிட்டது. 'அக்டோபர் 3' என்ற பாணியில் பெயரும் தேதியுமாக இருந்தது, ஆண்டு முதலில் வரும் நீளமான வடிவமாக ஆனது. பழைய வடிவத்தை மட்டுமே படிக்கத் தெரிந்த நகலை வைத்திருப்பவன் என்ன ஆவான்? ரிப்போர்ட்டில் எல்லாம் சைபர். நாலு வார்த்தை தமிழில் வேண்டும் என்று கேட்டவன் இப்போது ஒரு மென்பொருளையே தனியாகப் பராமரிக்க வேண்டும். சுவருக்கு வண்ணம் அடிக்கக் கேட்டால் வீட்டையே இடித்துக் கட்டச் சொல்வது போலத்தான் இது.

சரி, வெட்டியே தீருவது என்று உட்கார்ந்தால் அடுத்த கொடுமை ஆரம்பிக்கும். வாக்கியங்கள் முழுசாக இருக்காது, துண்டு துண்டாக இருக்கும். 'முதல்' என்பதற்கான வார்த்தை ஓரிடம், 20 என்ற எண் ஓரிடம், 'அனுப்பியவர்கள்', 'எண்ணிக்கைப்படி' எல்லாம் இன்னோரிடம். ஓடும்போது ஒட்டவைப்பார்கள். இங்கிலீஷில் எப்படி ஒட்டினாலும் ஓடும். தமிழில் 20-க்குப் பின்னால் ஆட்கள் வந்தால் 'பேர்' வேண்டும், சர்வர்கள் வந்தால் வேண்டாம். 'இலிருந்து', 'உக்கு' எல்லாம் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். தனித் துண்டாக மொழிபெயர்த்து மெயில் முகவரிக்கு முன்னால் வைக்கவே முடியாது. நான் வேற்றுமை உருபையே விட்டுவிட்டு, 'அனுப்பியவர்:', 'பெறுபவர்:' என்று முகப்புச் சொல் போட்டுச் சமாளித்தேன். இந்தச் சமாளிப்பு நல்லபடி வேலை செய்கிறது, தமிழாக்கம் செய்கிற யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஏன் சமாளிக்க வேண்டும்? முதல் மதிப்பு, இரண்டாம் மதிப்பு என்று எண் கொடுத்து வாக்கியத்துக்குள் இடம் மாற்றிக்கொள்ளும் வசதி பெர்லின் அச்சிடும் கட்டளையான பிரிண்ட்எஃப்பிலேயே இருக்கிறதே! முழு வாக்கியத்தை ஒரே இடத்தில் எழுதியிருந்தால் போதுமே!

அப்புறம் பத்திகள். மணிவாரிக் கணக்கு அட்டவணையில் தலைப்பு வரி இடைவெளி எண்ணி அடுக்கப்பட்டிருக்கும். அங்கே தமிழ் போனால் என்ன நடக்கும் என்று பாருங்கள். 'மின்னஞ்சல்' என்ற சொல்லில் நம் கண்ணுக்குத் தெரிவது 6 எழுத்து. யூனிகோடு கணக்கில் புள்ளியும் இகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்பட்டு 10 குறிகள். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இந்தக் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 30. இது யூடிஎஃப்-8 என்று பெர்லிடம் தனியாகச் சொல்லாவிட்டால் அது 30 என்றே எண்ணும். தலைப்புக்குக் கீழே தலைப்பின் நீளத்துக்குச் சமமாகக் கோடு போடும் வரி ஒன்று இருக்கிறது. 6 எழுத்துச் சொல்லுக்குக் கீழே 30 கோடு நீண்டு கிடந்தது. சொன்ன பிறகும் 10 கோடு வரும். 6 வரவே வராது, ஏனென்றால் எழுத்தும் அதன் குறியும் சேர்ந்து ஒரே எழுத்து என்று அந்த நீளக் கணக்குக்குத் தெரியாது. பத்திகள் கோணல்மாணலாகிவிட்ட ரிப்போர்ட்டில் எந்த எண் எந்தத் தலைப்புக்குக் கீழே என்று யார் சொல்வது? தள்ளிப்போனதைத் திரும்பி வந்ததாகப் படித்துவிட்டால் ரிப்போர்ட் இல்லாமலே இருந்திருக்கலாம். கடைசியில் அந்த அட்டவணையை எச்டிஎம்எல்லாக மாற்றித்தான் நேராக்கினேன். அதற்கு நடுவில் கிரான் அனுப்பும் மெயிலில் எழுத்துக்குறியீடு இங்கிலீஷ் மட்டுமே தெரிந்த ஆஸ்கி என்று போய், மொத்தத் தமிழும் கேள்விக்குறிகளாக வந்து விழுந்தது. கிரான் அட்டவணையின் தலையிலேயே யூடிஎஃப்-8 என்று ஒரு வரி போட்டால் இது சரியாகும். ஆனால் தமிழில் ரிப்போர்ட் அனுப்ப நினைக்கிறவன் இதையெல்லாம் ஒவ்வொன்றாக முட்டி மோதித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முடியாத காரியமா இது? ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்ற மென்பொருளைப் பாருங்கள். அதுவும் பெர்ல்தான். வெப் லாகுக்காக வந்தது, மெயில் லாகை மாற்றித் தரும் ஒரு துணை ஸ்கிரிப்டும் கூடவே இருக்கிறது. சொற்கள் எல்லாம் தனி அடைவில், மொழிக்கு ஒரு கோப்பு. அந்த அடைவை வேறு இடத்தில் வைத்துக்கொள்ள அமைப்புக் கோப்பிலேயே ஒரு வரி உண்டு. அங்கே வைத்தால் அப்டேட் வந்தாலும் நம் சொற்கள் தப்பிக்கும். உதவிக் குறிப்புகளை வெப்புக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று, எஃப்டிபிக்கு ஒன்று என்று பிரித்தும் வைத்திருக்கிறார்கள். அதிலும் எனக்கு ஒரு கோபம் உண்டு: ஒவ்வொரு சொல்லுக்கும் வெறும் வரிசை எண்தான் அடையாளம். 'சைஸ்' என்று ஒரு வரி இருந்தால் அது எந்த அட்டவணையின் தலைப்பு, எந்தப் பக்கத்தில் வரும் என்று அந்தக் கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மாற்ற முடிகிறதே! அதற்காகவே கையெடுத்துக் கும்பிடலாம்.

அதைவிட, போஸ்ட்ஃபிக்ஸையே பாருங்கள். மெயில் திரும்பி வரும்போது அனுப்பியவருக்குப் போகும் கடிதத்தின் வாசகத்தைத் தனிக் கோப்பில் நாமே எழுதிக்கொள்ள 2006-இல் வந்த 2.3 பதிப்பிலிருந்தே வசதி இருக்கிறது. போய்ச் சேரவில்லை, தாமதமாகிறது, போய்ச் சேர்ந்தது, முகவரிச் சோதனை என்று நான்கு வார்ப்புகள். எத்தனை நாள் முயற்சி செய்யும் என்ற எண்ணை அதுவே இட்டு நிரப்பிக்கொள்ளும். எழுதி முடித்ததும் எப்படி வரும் என்று பார்க்கவும் ஒரு கட்டளை உண்டு. சர்வர் எழுதியவருக்கு வந்த யோசனை, அந்த சர்வரின் லாகைப் படித்து ரிப்போர்ட் போடுகிறவர்களுக்கு ஏன் இத்தனை வருஷமாக வரவில்லை?

வெறும் மொழிபெயர்ப்புக் கோப்பு கொடுத்தாலும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் 'மெயில்' என்றால்தான் எல்லாருக்கும் புரியும். ஒரு பல்கலைக்கழகம் 'மின்னஞ்சல்' என்றுதான் கேட்கும். இலங்கையில் ஒரு அரசு அலுவலகத்துக்கு அங்கே புழங்கும் அலுவலகச் சொற்கள் வேண்டும். ஒருவர் தமிழாக்கி வைத்ததை இன்னொருவர் தன் ஆட்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள இடம் இருக்க வேண்டும். தமிழுக்கு மட்டுமா? இங்கிலீஷிலேயே ரிப்போர்ட் வைத்திருக்கிறவருக்கும் அந்த டிஃபர்டு வரியைப் புரிகிற இங்கிலீஷில் மாற்றி எழுதும் உரிமை வேண்டாமா?

இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்க்கிற ஆர்வக் கோளாறும் என்னைக் கொதிக்க வைக்கிறது. லாக் வரியை யாரும் தொடக் கூடாது. ஃபெயில்டுபேன் போன்ற பாதுகாப்பு மென்பொருள்கள் அந்த இங்கிலீஷ் வாசகத்தை ஒப்பிட்டுத்தான் தாக்குபவர்களைத் தடுக்கின்றன. எதிர் சர்வர் திருப்பிச் சொன்ன காரணத்தையும் அப்படியே விட வேண்டும். நாளை அந்த வரியைக் கொடுத்துத்தான் எதிர்த் தரப்பு அட்மினிடம் நியாயம் கேட்க முடியும். மாற்ற வேண்டியது ரிப்போர்ட்டின் வாசகத்தை மட்டும்.

அதற்கு வழி எப்போதோ போட்டு வைத்தாகிவிட்டது. ஒவ்வொரு தோல்விக்கும் மூன்று பகுதிக் குறியீட்டு எண் வருகிறது. 2003-இல் வந்த ஆர்எஃப்சி 3463 என்ற இணையத் தர ஆவணம் அதன் பொருளை வகுத்து வைத்திருக்கிறது. 4-இல் தொடங்கினால் தற்காலிகம், 5-இல் தொடங்கினால் நிரந்தரம். மொழி எதுவானாலும் எண் மாறாது. அந்த எண்ணை வைத்து ஒரு சின்னப் பட்டியல் போட்டேன். 5.1.1 என்றால் "அப்படி ஒரு முகவரி இல்லை, எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள்." 4.2.2 என்றால் "அவருடைய பெட்டி நிறைந்திருக்கிறது, போன் போட்டுச் சொல்லுங்கள்." 4.4.1 என்றால் "எதிர் சர்வர் பதில் சொல்லவில்லை, காத்திருங்கள்." இப்போது அக்கா என்னைக் கூப்பிடாமலே பாதி வேலையை முடிக்கிறார். என்ன செய்ய வேண்டும் என்று அந்த வரியே சொல்லிவிடுகிறது. இந்தப் பட்டியலை ஒரு அட்மின் தன் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஏன் தனியாகச் செய்ய வேண்டும்? லாகில் அந்த எண் கண்ணெதிரே இருக்கிறது, ரிப்போர்ட் கருவி அந்த வரியைப் படிக்கவும் செய்கிறது, அப்புறம் இங்கிலீஷ் வாலோடு அப்படியே கொட்டிவிட்டுப் போகிறது!

5.7.1-க்குத்தான் இன்னும் என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. 'அனுமதி இல்லை, மறுக்கப்பட்டது' என்பதுதான் அதன் பொருள். ஆனால் ஸ்பேம் என்று நினைத்தாலும் அதையே அனுப்புகிறார்கள், ரிலே செய்ய (வேறு சர்வருக்குக் கடத்திவிட) மறுத்தாலும் அதையே அனுப்புகிறார்கள், அனுப்பும் ஐபி கறுப்புப் பட்டியலில் இருந்தாலும் அதேதான். இதில் எதுவும் அக்காவின் கையில் இல்லை. அதனால் அந்த எண் வந்தால் மட்டும் "இதை அட்மின் பார்ப்பார், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று போட்டு, எதிர் சர்வர் சொன்னதை அதன் கீழே தொடாமல் வைத்திருக்கிறேன்.