அட்டையில் உள்ள முகமும் வீட்டில் உள்ள முகமும்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம், வியப்பு, அருவருப்பு ஆகிய ஆறு முகபாவங்களைப் பட அட்டைகளைக் கொண்டு கற்பிக்கலாம் என்னும் தங்கள் கட்டுரையை, கிருஷ்ணகிரியில் சிறப்பாசிரியையாகப் பணிபுரிபவள் என்ற முறையில் கவனத்துடன் படித்தேன். அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் வகுத்த அந்த ஆறில் தொடங்குவது சரியே. ஆனால் அட்டையைப் பார்த்துச் சரியாகச் சொல்லும் குழந்தை, வீட்டில் அம்மா முகம் சுளிக்கும்போதும் அதைக் கண்டுகொள்ளும் என்று எதிர்பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் வகுப்புச் சிறுவன் ஒருவன் கோப அட்டையை அதன் சிவப்பு ஓரத்தைக் கொண்டே அடையாளம் கண்டுவந்தான். ஓரத்தை வெட்டியதும் திகைத்துவிட்டான். ஆகவே ஒரே உணர்வுக்குப் பல முகங்கள் வேண்டும். அப்பா, ஆயா, பக்கத்து வீட்டு அக்கா எனக் கைப்பேசியில் எடுத்த படங்களே போதும். விலை கொடுத்து வாங்கும் அட்டைகள் இதற்கு அவசியமில்லை. முகத்தோடு காரணத்தையும் காட்ட வேண்டும். கீழே விழுந்து நசுங்கிய மாம்பழத்தின் படமும் தங்கையின் அழுத முகமும் அருகருகே இருந்தால், அவள் ஏன் அழுகிறாள் என்பது குழந்தைக்கு விளங்கும். கண்ணைப் பார்க்கச் சொல்லி முகவாயைப் பிடித்துத் திருப்புவதை மட்டும் தயவுசெய்து பரிந்துரைக்காதீர்கள். பல குழந்தைகளுக்கு அது வேதனை. மேலும், இந்தப் புரியாமை ஒருபக்கமானதன்று, ஆட்டிசம் உள்ளவர்களின் உணர்வை மற்றவர்களும் புரிந்துகொள்ளத் தவறுகிறார்கள் என்பதை ஆட்டிச ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் எடுத்துரைத்தார். காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடும் குழந்தையின் அச்சத்தை அடம் என்று கொள்ளும் பெரியவர்களுக்கான படப் பயிற்சியைப் பற்றியும் தாங்கள் எழுத வேண்டும்.