எடுத்ததும் எடுக்காததும்

(வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ரொறன்ரோவில் மகளுடன் இரண்டு மாதம் தங்கிவிட்டுத் திரும்பியிருக்கிறார். எதிர்வீட்டு நளாயினி விமானச் சீட்டு முகவர் நிலையம் ஒன்றில் வேலை செய்பவர். பேச்சுத்தமிழில் வாய் திறந்தால் மாஸ்ரர் திருத்தத் தொடங்கிவிடுவார் என்ற அச்சத்தில், அந்தத் தொடர்மாடியில் எல்லோரும் அவருடன் புத்தகத் தமிழில்தான் கதைப்பார்கள்.)

மாஸ்ரர்: பிள்ளை, பூட்டு பூட்டியபடியே இருக்கிறது, திறப்பும் என் சட்டைப்பையை விட்டு அசையவில்லை. ஆனால் மருமகன் வாங்கித் தந்த சவர இயந்திரம், இரண்டு சென்ற் போத்தல்கள், ஒரு சோடிப் புதுச் சப்பாத்து, மகள் பார்த்துப் பார்த்து அடுக்கிய விற்றமின் குளிசைகள், இவை ஒன்றுமே பெட்டிக்குள் இல்லை. கள்ளன் காற்றாக மாறியா உள்ளே போனான்?

நளாயினி: ஒரு பேனா தாருங்கள் மாஸ்ரர்.

(பேனாவின் முனையைச் சிப்பின் பல்வரிசைகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிறார். பெட்டி வாயைப் பிளக்கிறது. பிறகு பூட்டோடு சேர்ந்து தொங்கும் இரண்டு இழுப்பான்களையும் ஒன்றாகப் பிடித்து அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் ஒரு தடவை இழுக்கிறார். சிப், ஒன்றும் நடக்காததுபோல மூடிக்கொள்கிறது.)

மாஸ்ரர்: பேனாவினால் அறிவுக்கண் திறக்கும் என்று முப்பத்தாறு வருடம் படிப்பித்தேன். பெட்டியும் திறக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே! அப்படியானால் இந்தப் பூட்டு எதற்கு?

நளாயினி: வழியில் பெட்டி தானாகத் திறந்து கொட்டிவிடாமல் இருப்பதற்கு. அதில் சிவப்பு வைர வடிவக் குறி இருக்கிறது, பாருங்கள். அந்தக் குறியுள்ள பூட்டுகளை உடைக்காமல் திறந்து சோதிப்பதற்காக அமெரிக்காவில் பாதுகாப்பு அதிகாரிகள் பொதுத் திறப்புகள் வைத்திருக்கிறார்கள். அந்தத் திறப்புகளின் படம் ஒரு பத்திரிகையில் வெளியாகி, 2015இல் அதைப் பார்த்தே முப்பரிமாண அச்சில் திறப்புச் செய்துவிட்டார்கள்.

மாஸ்ரர்: சரி, முறைப்பாடு எழுதுவோம். எனக்கு இருபத்தொரு நாள் அவகாசம் இருப்பதாக மருமகன் தொலைபேசியில் சொன்னான்.

நளாயினி: பெட்டி பிந்தி வந்து சேர்ந்தால்தான் இருபத்தொரு நாள். கைக்கு வந்த பெட்டிக்குள் குறையோ சேதமோ இருந்தால், 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைப்படி ஏழு நாட்களுக்குள் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். உண்மையில், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியை எடுத்த கையோடு திறந்து பார்த்து, அங்குள்ள கருமபீடத்திலேயே பதிந்திருக்க வேண்டும். இன்று எத்தனையாம் நாள்?

மாஸ்ரர்: ஐந்தாம் நாள். பெட்டியை நேற்றுத்தான் திறந்தேன்.

நளாயினி: நான்கு நாட்கள் ஏன் திறக்கவில்லை?

மாஸ்ரர்: உள்ளே என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்தானே, பிள்ளை.

நளாயினி: (பெருமூச்சுடன்) பெட்டியில் ஒட்டிய பட்டியைக் கிழித்துவிடாதீர்கள், அதில் நிறை இருக்கிறது. ரொறன்ரோவில் இருபத்து மூன்று கிலோ. கீழே அரிசிக் கடைத் தராசில் எவ்வளவு காட்டியது?

மாஸ்ரர்: பத்தொன்பதரை. ஆனால் இந்தக் காலத்தில் பெட்டி போகிற இடமெல்லாம் பதிவாகிறதாமே?

நளாயினி: ஆம், 2018 ஜூன் முதல் பொறுப்பேற்கும்போதும், விமானத்தில் ஏற்றும்போதும், இடையில் மாற்றும்போதும், திருப்பிக் கொடுக்கும்போதும் பதிய வேண்டும் என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் தீர்மானம் ஒன்று சொல்கிறது. பெட்டி எங்கே போனது என்பதை அது காட்டும், பெட்டிக்குள் யாருடைய கை போனது என்பதைக் காட்டாது. பெறுமதியான பொருட்களைக் கைப்பையில் வைக்கும்படி நான் படித்துப் படித்துச் சொன்னேனே. அதில் என்ன வைத்திருந்தீர்கள்?

மாஸ்ரர்: எனது அடுத்த கவிதைத் தொகுதியின் கையெழுத்துப் பிரதி.

(நளாயினி படிவத்தின் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.)

நளாயினி: ஒவ்வொரு பொருளின் விலையையும் சொல்லுங்கள், பற்றுச்சீட்டுகளை மகளிடம் கேட்டு வாங்குவோம். 2024 டிசெம்பர் 28 முதல் நட்டஈட்டின் உச்சவரம்பு, பயணி ஒருவருக்கு 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமைகள்.

மாஸ்ரர்: எனக்கு உரிமை வேண்டாம், காசு வேண்டும்.

நளாயினி: அது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகு, மாஸ்ரர். ஏறக்குறைய இரண்டாயிரம் அமெரிக்க டொலர் வரும். கண்ணை மூடிக்கொண்டு அள்ளித் தருவார்கள் என்று நினைக்க வேண்டாம், அது மேல் எல்லை மட்டும்தான்.

மாஸ்ரர்: அப்படியானால் இதையும் எழுதும். நான் கொண்டுபோன எனது கவிதை நூலின் பிரதிகள் இருபத்தைந்து. அங்கே வாங்கிக்கொண்டவர்கள் பதினொரு பேர். மிகுதி பதினான்கு இருக்க வேண்டும், பதின்மூன்றுதான் இருக்கிறது. (குரல் தாழ்கிறது.) பிள்ளை, ஒன்றை அவன் எடுத்திருக்கிறான்.

நளாயினி: கள்ளனா? கவிதை நூலையா?

மாஸ்ரர்: சப்பாத்து எடுத்ததைக்கூட மன்னித்துவிடலாம். எந்த நாட்டுக் கள்ளனோ, தமிழ் தெரிந்தவனாக இருக்கிறான். பதினான்கையும் புரட்டிப் பார்த்து நல்ல பிரதியாகத் தேர்ந்தெடுத்திருப்பான் போலும்.

(நளாயினி நிறையைச் சரிபார்க்கும் சாக்கில் பெட்டியின் உள்பக்கத் துணிப்பைக்குள் கையை விடுகிறார். சதுரமாக, மெல்லியதாக ஏதோ தட்டுப்படுகிறது. அரை அங்குலம் வெளியே இழுத்து அட்டையைப் பார்க்கிறார். மாஸ்ரரின் முகத்தையும் பார்க்கிறார். நூலை உள்ளே தள்ளிவிட்டுச் சிப்பை மெல்ல மூடுகிறார்.)

மாஸ்ரர்: என்ன அது?

நளாயினி: ஒன்றுமில்லை, துணி மடிந்திருக்கிறது.

மாஸ்ரர்: அப்படியானால் எழுதும்: "கவிதைத் தொகுதி, ஒன்று. பெறுமதி, மதிப்பிட இயலாதது."

நளாயினி: சவர இயந்திரத்தை எழுதுவோம், சப்பாத்தை எழுதுவோம். நூலை மட்டும் எழுத வேண்டாம், மாஸ்ரர்.

மாஸ்ரர்: ஏன்?

நளாயினி: எழுதினால் தேடிக் கண்டுபிடித்து உங்களுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மாஸ்ரர்: (நீண்ட நேரம் யோசித்து) வெட்டிவிடும்.