மேற்கே மரம் வையுங்கள், சுவர் வேண்டாம்

குமரி மாவட்டத்தில் எங்கள் தெருமுக்கில் நின்ற தூங்குமூஞ்சி மரம் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் வேரோடு சாய்ந்தது. அன்றுமுதல் அங்கே ஒதுங்க நிழல் இல்லை. மீன் கூடை சுமந்து வரும் அக்காமாரும் பஸ்ஸுக்கு நிற்கும் பெரியவர்களும் கடைத் திண்ணையின் ஒரு முழ நிழலில் ஒண்டுகிறார்கள்.

இப்போது அந்த இடத்தில் எல்லாரும் உட்கார நிழலிடம் அமைக்கப் பேச்சு நடக்கிறது. எத்தனை நாள் கேட்டது! ஆனால் வரைபடத்தைப் பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை. தகரக் கூரை, மேற்கே முழுச் சுவர், தரை முழுக்க சிமென்ட் கல்.

நம் ஊர் வெயிலை அறிந்து வரைந்தது அல்ல இது. நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு பாகைதான் நாம் வடக்கே இருக்கிறோம். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் உச்சிக்கு வரும் சூரியன், ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். தெற்கே மட்டும் தாழ்வாரத்தை நீட்டிப் பயனில்லை. அதைவிடக் கொடியது மூன்று மணிக்கு மேல் முகத்தில் அறையும் மேற்கு வெயில். அதற்குத்தான் சுவர் என்கிறார்கள். ஆனி, ஆடிக் காற்றும் அந்தப் பக்கமிருந்துதானே வருகிறது? சுவர் காற்றையும் சேர்த்து அடைக்கும். பகலெல்லாம் குடித்த சூட்டை, நாம் காற்றாட வந்து உட்காரும் அந்தி நேரத்தில் கக்கும். மரமோ வெயிலைத் தடுத்துக் காற்றை விடும். இலை வழியே நீரை ஆவியாக்கிச் சுற்றுப்புறத்தையும் குளிர்விக்கும்.

கூரைக்குத் தகரம் வேண்டாம், ஓடு போதும். பத்மநாபபுரம் அரண்மனையில் தாழ இறங்கும் ஓட்டுக் கூரையின் கீழ், மரச்சட்டங்களின் இடைவெளியில் காற்று நுழைவதை உணராதவர் நம்மில் யார்? இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்துக்குத் தோதான கூரை அது. சாரலும் உள்ளே அடிக்காது. மரத்தின் அடியில் மண்ணை மண்ணாகவே விடுங்கள், வேருக்கு மழைநீர் இறங்கட்டும். பெஞ்சுக்குச் சாய்மானமும் கைப்பிடியும் இல்லாவிட்டால் முட்டுவலிக்காரர்கள் எழுந்திருக்க முடியாது.

இன்னொன்றையும் கெஞ்சியே கேட்கிறேன்: ஒரு சுமைதாங்கிக் கல். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்களின் நினைவாக நம் முன்னோர் வழியெங்கும் நட்டுவைத்தவை. இன்றும் தலைச்சுமையோடு நடக்கும் பெண்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். பிறர் கையை எதிர்பாராமல் அவர்கள் கூடையை இறக்கி ஏற்ற, தோள் உயரத்தில் ஒரு கல் வேண்டும்.

பூவரசு கம்பு நட்டாலே துளிர்க்கும், உப்புக்காற்றையும் தாங்கும். என் வீட்டு மரத்திலிருந்து நல்ல போத்துகளாக வெட்டித் தருகிறேன். ஜூன் மழைக்கு முன் மேற்கு ஓரத்தில் குழி எடுக்க இரண்டு பேர் வந்தால் போதும்.