காசு கொடுத்துக் குப்பை வாங்காதீர்கள்

தாள் துண்டுகளை வெட்டி ஒட்டிப் படமாக்கும் கலைக்குக் கொலாஜ் என்று பெயர். அதைச் செய்கிறவர்களுக்கென்றே இப்போது ‘விண்டேஜ்’ தாள் கட்டு விற்கிறது. உள்ளே ஈஃபில் கோபுரம், பிரெஞ்சு அஞ்சல் முத்திரை, பழுப்பேறிய இசைக்குறிப்பு, ரோஜாப்பூ. எல்லாம் சமீபத்தில் அச்சடித்தவை. பழுப்பையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். அதை வெட்டி நோட்டில் ஒட்டுவது நல்ல பொழுதுபோக்குதான், ஆனால் அதைக் கொலாஜ் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கொலாஜில் ஏறும் தாள் ஏற்கெனவே ஒரு பிழைப்புப் பார்த்திருக்க வேண்டும். யாரையாவது பஸ்ஸில் ஏற்றி இறக்கியிருக்க வேண்டும், கால் கிலோ பருப்பை வீடு சேர்த்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் ஒரு நாளாவது ராகு காலம் சொல்லியிருக்க வேண்டும்.

ஜெர்மனியில் ஹனோவர் நகரத்து ஓவியர் கர்ட் ஷ்விட்டர்ஸ். முதல் உலகப் போர் முடிந்த கையோடு டிராம் டிக்கெட், உறை, கிழிந்த விளம்பரம் என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டினார். 1919இல் ஒரு படத்தில் ‘கொமெர்ட்ஸ்’ என்ற சொல் இருந்த வங்கி விளம்பரத்தை வெட்டி ஒட்டினார். அதில் மிஞ்சிய ‘மெர்ட்ஸ்’ என்ற துண்டுதான் பிறகு அவருடைய கலை முழுவதற்கும் பெயரானது. அவர் ஒட்டியது அவர் காலடியில் கிடந்த குப்பை. நம் காலடியில் கிடப்பது வேறு. பாரிஸ் குப்பைக்கு ஏங்குவானேன்?

நம் குப்பையை அஞ்சலட்டையில் ஒட்டி நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புவதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

தினசரி காலண்டர் தாள். பெரிய எண், கனமான கறுப்பு, சிவப்பு எழுத்து, மெல்லிய தாள். இதைவிட நல்ல கொலாஜ் தாள் எந்தக் கடையிலும் இல்லை. ஆஃப்செட் மை எண்ணெய்ப் பசையுள்ளது, பசையின் ஈரத்தில் கரையாது. மெல்லியது என்பதால் அடியில் உள்ள அச்சு லேசாகத் தெரியும். அது குறையில்லை, கூடுதல் வசதி. சாமி படம் போட்ட மாதக் காலண்டர் என்றால் ஒரு யோசனை: முகத்தில் கத்தரி வைக்காதீர்கள். உங்களுக்குக் கூச்சம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அட்டை தபாலில் போய் முத்திரை குத்துப்படும், தரையில் விழும், பெறுகிறவர் வீட்டில் பெரியவர்கள் இருப்பார்கள். ஓரப் பூவேலை, மேகம், பட்டு மடிப்பு இவையே போதும்.

பஸ் டிக்கெட். பழைய வண்ணத் தாள் டிக்கெட் கையில் இருந்தால் பொக்கிஷம். இப்போது மெஷினில் வருவது வெப்பத்தால் கறுக்கும் தாள். அதில் மையே கிடையாது. சூடு பட்ட இடம் கறுத்து எழுத்தாகத் தெரிகிறது. சுருக்கம் எடுக்க இஸ்திரி போட்டால் முழுத் தாளும் கறுத்துவிடும். மேலே செலோ டேப் ஒட்டினால் சில மாதங்களில் எழுத்து மறைந்துவிடும். ஏ.டி.எம். சீட்டும் கடை பில்லும் இதே ஜாதி. ஜெராக்ஸ் எடுத்து அந்த நகலை ஒட்டுங்கள். இன்க்ஜெட் பிரிண்ட் வேண்டாம், பசை பட்டதும் மை ஓடும்; ஜெராக்ஸ் தூள் ஓடாது.

தீப்பெட்டி அட்டை. அப்படியே ஒட்டினால் தடிமன். ஒரு மூலையை நகத்தால் பிரித்து, பின்பக்கச் சாம்பல் நிற அடுக்கை மெதுவாக உரித்தெடுத்தால் படம் மெல்லிய தோலாக நிற்கும். வரவில்லையென்றால் பின்பக்கத்தை மட்டும் ஈரப்பஞ்சால் நனைத்து ஐந்து நிமிடம் விட்டு உரியுங்கள். பற்பசை டப்பா, ஊதுபத்தி டப்பா எல்லாவற்றுக்கும் இந்த வித்தை செல்லும். தீக்குச்சி உரசும் பக்கத்தை மட்டும் வெட்டி எறிந்துவிடுங்கள். அதில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது, தபாலில் அதற்கு வேலையில்லை.

கல்யாணப் பத்திரிகை. தங்கச் சரிகை அச்சு அழகுதான், ஆனால் பளபள லேமினேஷன் மேல் பசை பிடிக்காது. 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டினால் பிடிக்கும். மஞ்சள் தடவிய மூலையை வெட்டிவிடுங்கள், ஈரத்தில் பக்கத்துத் தாளிலும் ஏறும். அதைவிட முக்கியம்: பத்திரிகையில் இருக்கும் போன் நம்பரும் வீட்டு முகவரியும் ஊர் சுற்றக் கூடாது. மருந்துச் சீட்டுக்கும் இதுவே சட்டம்.

பசைக்கு வருகிறேன். பத்தில் எட்டுக் கொலாஜ் கெடுவது இங்கேதான். கற்பனைப் பஞ்சத்தால் கெட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. காரணம் எளிது. தாள் ஈரம் பட்டால் விரியும், காய்ந்தால் சுருங்கும். அதுவும் இழை ஓடும் திசைக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். மேலே ஒட்டிய தாள் சுருங்கும்போது அடி அட்டையையும் இழுக்கிறது, அட்டை அப்பளமாக வளைகிறது. வேறு வகைக் கொலாஜாக இருந்தால் அட்டையின் பின்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டிச் சமன் செய்யலாம். அஞ்சலட்டையில் பின்பக்கம் முகவரிக்கு உரியது, அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆகவே தண்ணீரைக் குறைப்பதுதான் ஒரே வழி.

பெரிய துண்டுகளுக்கு க்ளூ ஸ்டிக். ஆனால் வெயிலில் காயும் தபால் பெட்டிக்குள் க்ளூ ஸ்டிக் ஓரங்கள் எழும்பும். அதனால் ஓரத்தில் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஃபெவிகால், தண்ணீர் கலக்காமல், பல்குச்சியால் இழுத்துவிடுங்கள். காலண்டர் தாள் போன்ற மெல்லியதற்குத் தாளில் பசை தடவாதீர்கள், கையிலேயே கிழியும். அட்டையில் தடவி, தாளை ஒரு பக்கத்திலிருந்து பாய் விரிப்பதுபோல் இறக்குங்கள். மேலே பட்டர் பேப்பர் வைத்து ஸ்பூன் முதுகால் நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் காற்று போய்விடும்.

மைதாப் பசை பிடித்தவர்களுக்கு: ஒரு பங்கு மாவு, ஐந்து பங்கு பச்சைத் தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளை போய்க் கண்ணாடிபோல் ஆகும், அப்போது இறக்கித் துணியில் வடிகட்டுங்கள். கெட்டித் தாளுக்குத் தடவினால் ஒரு நிமிடம் பொறுத்து ஒட்டுங்கள். விரிய வேண்டியது முதலிலேயே விரிந்துவிட்டால் பிறகு கொப்புளம் வராது. நாளுக்கு நாள் புளிக்கும், கொஞ்சமாகக் காய்ச்சுங்கள். பூச்சி வராமல் துத்தம் கலக்கும் பழைய வழக்கம் வீட்டுக்கு வேண்டாம், அது விஷம். ஆனால் ஒன்று: மாவுப் பசை என்றால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. நெடுநாள் வைத்துக்கொள்ள நினைக்கும் அட்டைக்கு ஃபெவிகாலே மேல்.

எந்தப் பசையானாலும் இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்கள் அடுக்கி ஓர் இரவு. ஐப்பசி மழையில் இரண்டு இரவு.

இனி தபால். நம் 50 பைசா அஞ்சலட்டை 14 செ.மீ.க்கு 9 செ.மீ. முகவரிப் பக்கத்தின் வலது பாதியைத் தொடவே கூடாது. ஆறு இலக்கப் பின்கோடு தெளிவாக, பால் பாயின்ட் பேனாவில். ஜெல் பேனா முதல் தூறலிலேயே அழும். பழைய ஸ்டாம்பைக் கொலாஜில் ஒட்ட ஆசையா, படப் பக்கத்தில் மட்டும் ஒட்டுங்கள். முகவரிப் பக்கத்தில் ஒட்டினால் பயன்படுத்திய ஸ்டாம்பை மறுபடி ஓட்டப் பார்ப்பதாகத்தான் தோன்றும். ஒட்டிய தாள் அட்டையின் விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் உள்ளேயே நிற்கட்டும். விளிம்புவரை ஒட்டியது பையில் மற்ற கடிதங்களோடு உரசி அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். பொத்தான், சிப்பி, ஜரிகை மாதிரி புடைத்து நிற்பது எதுவும் அட்டையில் வேண்டாம், உறைக்குள் போகட்டும். மேலே வார்னிஷ் பூசாதீர்கள். சூட்டில் பக்கத்துக் கடிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். மெழுகுவர்த்தியைப் படப் பக்கத்தில் லேசாகத் தேய்த்துத் துணியால் துடைத்தால் தூறல் தாங்கும், ஒட்டவும் ஒட்டாது.

சொந்தமாக வெட்டிய அட்டை என்றால் கவுண்டரில் காட்டி, கட்டணம் கேட்டு, ஸ்டாம்ப் ஒட்டுங்கள். கட்டணம் குறைந்தால் குறைந்ததைப் போல இரு மடங்கு பெறுகிறவர் தலையில் விழும். பரிசு அனுப்பி அபராதம் வைப்பது நியாயமா? உறைக்கு ஒரு கணக்கு: 75 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஏ4 தாள் ஒன்று 4.7 கிராம் இருக்கும். 20 கிராமுக்குள் நிற்க, மூன்று தாளோடு உறையும் பசையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்புவதே கலை என்று ஆக்கியவர் அமெரிக்காவின் ரே ஜான்சன். அவருடைய அஞ்சல் வட்டத்துக்கு நியூயார்க் கரஸ்பாண்டன்ஸ் பள்ளி என்று பெயர். அந்தச் சொல்லின் கடைசியில் ‘டான்ஸ்’ வரும்படி எழுத்தை வேண்டுமென்றே மாற்றிவிட்டார். பாதிப் படம் அனுப்பி, ‘இதில் ஏதாவது சேர்த்துத் திருப்பி அனுப்பு’ என்பார். இப்படித் தபாலில் அனுப்பும் ‘மெயில் ஆர்ட்’ கண்காட்சிகளில் பின்னாளில் ஏற்பட்ட வழக்கமும் எனக்குப் பிடிக்கும்: தேர்வுக் குழு இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை, வந்தது அனைத்தும் சுவரேறும், எதுவும் திரும்பி வராது. கையெழுத்துப் பத்திரிகையை வீடு வீடாகச் சுற்றவிட்ட நம் ஊருக்கு இது அந்நியமே இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒரே அட்டையைச் சுற்றவிட்டால் போதும். முதலாமவர் அட்டையில் கால் பாகம்தான் நிரப்ப வேண்டும், ஆளுக்கு ஒரு அடுக்கு. முதல் ஆளே முழுசாக முடித்துவிடுவதால்தான் பெரும்பாலான சுற்று இரண்டாவது வீட்டில் நின்றுபோகிறது. மற்றவர் செய்ய அதில் என்ன மிச்சம்?

அனுப்புமுன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவையுங்கள், சாதாரணத் தபாலுக்கு ரசீது கிடையாது. பெட்டியில் போடாமல் கவுண்டரில் நீட்டி, ‘கொஞ்சம் தெளிவாக முத்திரை குத்துங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். கூட்டமில்லாத மத்தியான நேரமாகப் போங்கள்.