ஈடன் கார்டன்ஸ் ஆட்டம்: சின்ன திருத்தம்

கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் நடந்த 1996 கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியா ஜெயிக்கும் நிலையில் இருந்தது, ரசிகர்கள் பாட்டில் வீசியதால்தான் வெற்றி இலங்கைக்குப் போனது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாட்டில் வீசியது, தீ வைத்தது எல்லாம் உண்மைதான். ஆனால் ஆட்டம் அதற்கு முன்பே கைவிட்டுப் போயிருந்தது. இலக்கு 252; ஆட்டம் நின்றபோது இந்தியா 34.1 ஓவரில் 120, எட்டு விக்கெட் காலி. மீதி 95 பந்தில் 132 ரன் வேண்டும். அப்புறம்தான் மேட்ச் ரெஃப்ரி கிளைவ் லாயிட் இலங்கை வென்றதாக அறிவித்தார்.

மஞ்சக்குப்பத்தில் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்த எனக்கே நம் பேட்ஸ்மேன் வினோத் காம்ப்ளி அழுதுகொண்டு போனதுதான் நினைவில் நிற்கிறது, ஸ்கோர் இல்லை! சந்தேகம் இருந்தால் அந்த ஆட்டத்தின் ஸ்கோர்கார்டைத் தேடி, விக்கெட் விழுந்த வரிசையை மட்டும் பாருங்கள்: சச்சின் அவுட்டான 98-ல் இரண்டாவது, 120-ல் எட்டாவது.