மடிப்பு பரப்பளவுக்கு மட்டும்தானா?
செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வு மடிந்து மடிந்து இருப்பது பரப்பளவைக் கூட்டத்தான் என்று, அதைப் பற்றிய கட்டுரை ஒன்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அதில் பாதி உண்மை. ஓயாமல் துடிக்கும் இதயத் தசையில் இந்த மடிப்புகள் கல்லீரல் செல்லில் இருப்பதைவிட நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியைத் தயாரிக்கும் ஏடிபி சிந்தேஸ் நொதிகள் மடிப்பின் விளிம்பில் இரண்டிரண்டாகச் சேர்ந்து வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொரு ஜோடியும் சற்றுச் சாய்ந்து நிற்பதால் சவ்வே அங்கே வளைகிறது. அதாவது வேலை செய்யும் புரதமே தன் இடத்தின் வடிவத்தையும் செய்துகொள்கிறது! ஈஸ்டில் இந்த ஜோடி சேர உதவும் சிறு துணைப்புரதங்களை நீக்கிப் பார்த்தார்கள். ஒழுங்கான மடிப்புகள் போய், உள்சவ்வு வெங்காயத் தோல் போலச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டது. அப்புறம், மடிப்பின் வாய் மிகக் குறுகலானது. வெளியே வந்தால் செல்லின் அழிவைத் தூண்டிவிடும் சைட்டோகுரோம் சி என்ற புரதத்தின் பெரும்பகுதி உள்ளேயே அடைந்திருப்பது அதனால்தான். செல் தன்னை அழித்துக்கொள்ளும்போது அந்த வாய் அகன்று, சைட்டோகுரோம் சி வெளியே வர வழி கிடைக்கிறது. பரப்பளவு ஒன்றே நோக்கம் என்றால் இந்தக் குறுகல் எதற்கு? மடிப்பு குலைந்தால் நோய் வருமா என்று அந்தக் கட்டுரையைப் படித்த ஒருவர் கேட்டிருக்கிறார். வரும். அந்த வாயை இறுக்கிப் பிடிக்கும் ஓபிஏ1 புரதத்தின் மரபணுவில் பிழை இருந்தால் பார்வை நரம்பு மெல்லச் சிதைகிறது. பெரும்பாலும் சிறு வயதிலேயே பார்வை மங்கத் தொடங்கிவிடும்.